ரெடிமேடா வாங்கியிருக்கலாம்

பெட்டியைப் பிரிச்சதும் வேலை செய்யற எந்தச் சாமானைக் கண்டாலும் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. என் தங்கச்சிகூடப் பேசிக்கிட்டிருக்கும்போதே பழைய ஹாம் ரேடியோ புகைஞ்சு அணைஞ்சுது. "கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்குங்க, ஒயரைச் சொருகினா பேசும்"னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். மனுஷன் கேக்கல. உதிரி உதிரியா வர்ற கிட் ஒண்ணை வரவழைச்சு, மேஜை முழுக்கக் கடை பரப்பிட்டார்.

"நீ தையல்காரி. ரெடிமேட் சட்டையைப் பார்த்தாலே மூஞ்சியைச் சுளிக்கறவ. நீயா இதைச் சொல்ற?"ன்னு என்னை மடக்கினார்.

"சட்டை தப்பாப் போனா பிரிச்சுத் தைக்கலாம். என் தங்கச்சி நடுக்கடல்ல இருக்கா."

அவளும் அவ புருஷனும் ஒரு சின்னப் பாய்மரப் படகுல சமுத்திரத்தைக் கடக்கறாங்க. அங்க போன் எடுக்காது. தினம் சாயங்காலம் ரேடியோவுல கூப்பிட்டு, "நல்லா இருக்கோம்க்கா"ன்னு சொல்லுவா. அவளைப் பத்தி எங்களுக்குக் கிடைக்கற ஒரே தகவல் அதுதான்.

ஒரு வாரம் பூதக்கண்ணாடியும் கையுமா உக்காந்து, எறும்பு சைஸ் சாமான்களை ஈயம் உருக்கிப் பத்தவச்சார். வீடெல்லாம் புகை நாத்தம். கடைசியில செட்டுக்கு உயிர் வந்தது, மீட்டர் முள்ளும் நிக்க வேண்டிய இடத்துல போய் நின்னது. அவ்வளவு கோபத்துலயும் எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது.

அன்னிக்குச் சாயங்காலம் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. "வேற யார் குரலும் வரலையே"ன்னு கேட்டேன். "வானம் சரியில்லை, அலை எட்டாது"ன்னார். மூணாம் நாளும் அதே கதைதான்.

"செட்டுல கோளாறா?"

"மீட்டர்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது"ன்னார், என் முகத்தைப் பார்க்காம.

செட் சரின்னா என்ன அர்த்தம்? அப்போ படகுலதான் ஏதோ கோளாறு. அந்த நினைப்புலயே, யாரோ தைக்கக் கொடுத்த நல்ல துணியைக் குறுக்கால வெட்டித் தொலைச்சேன்.

நாலாம் நாள் சாயங்காலம் பொறுமை போச்சு. "இந்த எழவைத் தூக்கிப் போடறேன்"னு செட்டுக்குப் பின்னாடி இருந்த ஒயரைப் பிடிச்சு இழுத்தேன். ஏரியலுக்கு ஜன்னல் பக்கம் போக வேண்டியது மேஜைக்கு அடியில போச்சு. இன்னும் இழுத்தேன். ஒரு பழைய பெயின்ட் டப்பா கடகடன்னு உருண்டு வந்தது.

"இது என்ன கருமம்?"

அவருக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. புது செட்டைச் சோதிக்கும்போது அலை வெளியே போகாம இருக்க, ஏரியலுக்குப் பதிலா அந்த டப்பாவுல மாட்டி வைப்பாங்களாம். மீட்டருக்கு வித்தியாசம் தெரியாதாம். மாட்டின மகராசன் கழட்ட மறந்துட்டார். மூணு நாளா என் தங்கச்சியைப் பெயின்ட் டப்பாவுக்குள்ள கூப்பிட்டிருக்கார்.

திட்டத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வந்துடுச்சு, கூடவே அழுகையும். "அப்போ அவளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

அவர் ஏரியல் ஒயரை எடுத்துச் சொருகினார். அறை முழுக்க இரைச்சல், விசில், யார் யாரோ பேசற சத்தம். குமிழை மெல்லத் திருகினார். இரைச்சலுக்கு நடுவுல ஒரு குரல் வந்தது.

"மாமா... அக்கா... கேக்குதா?"

"கேக்குதும்மா, கேக்குது!"ன்னார் இவர்.

அவ விசும்பிக்கிட்டே, "பாதிப் பேச்சுல அறுந்துபோச்சே மாமா. அக்காவுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு படகைத் திருப்பிட்டோம். வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம். அக்கா எப்படி இருக்கா?"ன்னா.

இவர் மைக்கை என்கிட்ட நீட்டினார். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

"இருக்கேன்டி"ன்னேன். "நல்லா இருக்கேன். நீ போக வேண்டிய ஊருக்குப் போ."