டாஷ்போர்டுக்குப் பின்னால் போகும் கை

சகலையிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினேன். நேற்றும் அப்படி நினைத்துத்தான் தூக்கினேன். தூக்கியதற்கே மூச்சு வாங்கியது. முக்காலியில் உட்கார்ந்து, இருமி முடித்து, தண்ணீர் குடிப்பதற்குள் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேலையில் இறங்கிவிட்டேன்.

ஒன்றும் பெரிய விஷயமில்லை. இந்த வண்டியோடு நான் நிறுத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான். நெஞ்சு டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மரத்துக்கு அடிக்கும் லாக்கர் பூச்சின் புகையும் மரத்தூளும் இனி ஆகவே ஆகாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரி காலையில் சாப்பாட்டு டப்பாவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறாள்.

"இன்னிக்காவது வாயைத் திறப்பீங்களா, இல்ல அத்தானைப் பார்த்ததும் மென்னு முழுங்கிட்டு வருவீங்களா?"

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர்தான் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்த நாங்கள் இருவரும் சேர்ந்து, பழைய கார்களின் டாஷ்போர்டைக் கழற்றிப் புதுப்பித்து மாட்டித் தருகிறோம். ஒயரும் மீட்டரும் அவர் பங்கு. மரமும் பளபளப்பும் என் பங்கு. ஒருத்தர் விட்டால் இன்னொருத்தர் அரை ஆள். நான் விலகினால் அவர் பிழைப்பும் படுத்துவிடும். பெண்டாட்டியின் அக்கா குடும்பத்து வயிற்றில் அடித்துவிட்டு, அவர்கள் வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

வண்டி ஒரு பல் டாக்டருடையது. இரண்டே பேர் உட்காரும், கூரை மடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஏறுவதற்கு முன் காலை மடக்குவதா, தலையை மடக்குவதா என்று யோசிக்க வேண்டும். டாஷ்போர்டு, வால்நட் மரத்தை மெல்லிசாகச் சீவிய தோல் ஒட்டிய பலகை. மேல்பூச்சு வெயிலில் வெடித்து, மஞ்சளாகி, செதில் செதிலாக உரிந்து கிடந்தது. டாக்டர் குனிந்து அதைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"முகம் தெரியணும்," என்றார். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். இவர்கள் வீட்டில் யாருமே கண்ணாடி வாங்குவதில்லை போலிருக்கிறது.

கழற்றும்போதே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. டாஷ்போர்டைக் கழற்றுவது கண் செய்யும் வேலை இல்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்து, கையைப் பலகைக்குப் பின்னால் விட வேண்டும். ஒவ்வொரு மீட்டரையும் பின்பக்கம் ஒரு தகடு பிடித்திருக்கும், தகட்டைப் பொடி நட்டுகள் பிடித்திருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல் நுனிதான் பார்க்க வேண்டும். சகலை அதில் ராஜா. கண்ணை மூடிக்கொண்டு, ரேடியோவில் ஓடும் பாட்டுக்குக் காலாட்டிக்கொண்டே, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார்.

அப்பேர்ப்பட்ட ஆள் இந்தத் தடவை, "நீ படு சகலை, எனக்கு முதுகு பிடிச்சிருக்கு," என்றார்.

"உங்க வேலையையும் நானே செய்யணுமா? நல்லா இருக்கு நியாயம்!"

"உனக்குச் சின்னக் கை. சுலபமா போகும்."

"இத்தனை வருஷமா என் கை யானைக் காலாவா இருந்துச்சு?"

அவர் ஒயர்களுக்கு டேப் ஒட்டி அடையாளம் போட உட்கார்ந்துவிட்டார். நான் படுத்து, இருமி, கழுத்து சுளுக்கி, எல்லாவற்றையும் கழற்றினேன். போன வண்டிக்கு அவர் சொன்ன சாக்கு தோள்வலி, அதற்கு முந்தியதற்கு மூக்குக்கண்ணாடி சரியில்லை. நோகாமல் நுங்கு தின்னப் பழகிவிட்டார் மனுஷன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

பலகை என் மேசைக்கு வந்தது. பழைய பூச்சைச் சூடு காட்டிச் சுரண்டினேன். அடியில் இருக்கிற மரத்தோல் காகித கனம்தான். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. பிறகு ஒரு கோட் அடிப்பது, காயவிடுவது, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பது, மறுபடி அடிப்பது. மாஸ்க் பேருக்குத்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் இருமல் கூடிக்கொண்டே போனது. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உள்ளே வருவேன். சகலை தலை நிமிராமல் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். கல்நெஞ்சம் என்று கோபம் கோபமாக வரும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே, அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இன்றைக்குத்தான் மாட்டும் நாள். சாயங்காலம் டாக்டர் வருகிறார். பலகையில் முகம் தெரிந்தது. தூங்காத முகம்.

ஒயர் வேலை என்பதால் சகலையே அடியில் படுத்தார். பின்விளக்கு பல்பு ஒன்றில் நீள ஒயர் கட்டி, பேட்டரியோடு சேர்த்து வைத்திருப்பார். இருட்டுக்கு அதுதான் அவர் விளக்கு. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒயர்களைத் துழாவினார். நான் வெளியிலிருந்து பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. இதை விட்டால் வேறு நேரம் வாய்க்காது.

"சகலை, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் கருகல் நாற்றம் வந்தது.

"ஐயையோ, ஒயர் எரியுது! கையை எடுங்க!" பலகையை அப்படியே சீட்டில் சாய்த்துவிட்டு ஓடிப் போய் பேட்டரி முனையைப் பிடுங்கினேன். பழைய வண்டி, டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. திரும்பி வந்து டார்ச் அடித்து ஒயர் ஒயராகப் பார்த்தேன். எதுவும் கருகவில்லை. சகலையும் எழுந்து உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து தேடினார். சூடேறிய பல்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"சகலை, உங்க கை!"

"கைக்கு என்ன?"

"விரல் வெந்து போயிருக்கு."

கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த விரல்?" என்று என்னைக் கேட்டார்.

அவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, விரலைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தேன். தோல் வெளுத்து உப்பியிருந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"சர்க்கரை," என்றார். "நுனி ரெண்டு கையிலயும் மரத்துப் போச்சு. பஞ்சைத் தொட்டாலும் ஒண்ணுதான், ஆணியைத் தொட்டாலும் ஒண்ணுதான்."

"எப்போலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறதே அவதான். தெரியாமலா இருக்கும்?"

எனக்கு வேறொன்று உறைத்தது. நான் முடித்து வைக்கிற பலகை ஒவ்வொன்றையும் அவர் விரலால் தடவிப் பார்த்து, "வெண்ணெய்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மறுபடி மறுபடி தேய்த்துச் சாகிறேன்.

"அப்போ இந்த ஒரு வருஷமா வெண்ணெய்னு சொன்னதெல்லாம்?"

"உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். உனக்குத் திருப்தின்னா வேலை சுத்தமா இருக்கும்."

சிரிப்பதா, அழுவதா? "இதை மறைச்சு வெச்சு உங்களுக்கு என்ன கிரீடமா சூட்டப் போறாங்க?" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் வேகாத கையால் என் முதுகைத் தட்டினார். தட்டுவது பலமா, மெதுவா என்று அவருக்கே தெரியவில்லை, வலித்தது.

டாக்டர் வந்துவிடுவார், பலகை மாட்டியாக வேண்டும். விரலுக்குத் துணி சுற்றிவிட்டு நான் அடியில் படுத்தேன். அவர் வெளியே குந்தி உட்கார்ந்து, தட்டிலிருந்து நட்டுகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பாதி என் மார்பில் விழுந்தன. ஒயர்களை அவர் சொல்லச் சொல்ல மாட்டினேன். அங்கே படுத்திருக்கையில் எனக்கு அவர் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. இப்போது சொன்னால் நான் மனுஷனே இல்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன்.

"சகலை, இந்த வண்டியோட நான் நிறுத்திக்கிறேன். நெஞ்சு தாங்கல."

பாதங்கள் அசையவில்லை. விழுந்தவனை மிதித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"கைதான் போச்சு," என்றார் கடைசியில். "காது நல்லாத்தான் இருக்கு. நீ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு இருமுறது எனக்குக் கேக்காதா?"

"கேட்டும் என்னன்னு ஒரு வார்த்தை விசாரிக்கலையே!"

"விசாரிச்சா நீ நிறுத்துறேன்னு சொல்லிடுவே. பயம். அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னைத் திட்டணும்னா திட்டிடு."

 கண்ணில் தூசி விழுந்த மாதிரி கரித்தது, துடைக்க முடியவில்லை. இரண்டு கையும் பலகைக்குப் பின்னால் இருந்தன.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சு நான் எங்கே போவேன், சகலை?" என்றார்.

"இங்கேயே வாங்க."

"வந்து?"

"சும்மா உக்காந்திருப்போம்."

"சும்மா உக்காரத் தெரியாதே எனக்கு."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றேன். "கடைசி நட்டைக் குடுங்க."

இந்தத் தடவை அவர் அதைக் கீழே போடவில்லை. குனிந்து, கட்டுப் போட்ட கையும் போடாத கையுமாகச் சேர்த்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நட்டு தன் விரலை விட்டுப் போய்விட்டதா, இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"வந்துருச்சு சகலை, விடுங்க," என்றேன்.

அவர் விடவில்லை.