கொட்டகைக்கு மொட்டை

செஞ்சியில் இப்போது யாரைக் கேட்டாலும், திருவண்ணாமலை ரோட்டில் இருந்த அமீர் ஜான் கொட்டகை புயலில் விழுந்துவிட்டது என்பார்கள். சுத்தப் பொய். புயலுக்கு அந்தக் கொட்டகை மேல் என்ன கோபம்? எண்பத்தைந்தாம் வருஷம் பட்டப்பகலில் ஆள் வைத்துப் பிரித்தார்கள். பிரித்தவர்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்ததே அமீர் ஜான்தான்.

அது டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கூரை, இடுப்பளவு மண்சுவர், உட்கார மணல். இடம் தனகோட்டியுடையது, மற்றதெல்லாம் அமீர் ஜானுடையது. புரொஜெக்டரை அவரே ஓட்டுவார். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பது அவர் மனைவி அசீசுன்னிசா. பிள்ளை இல்லை. கொட்டகைதான் அவர்களுக்குச் சோறு, அதுதான் பேச்சு, வேறு எதுவும் தெரியாது.

தனகோட்டிக்காக அமீர் ஜான் கைவைத்த நாற்காலி ஒன்று செய்து பின்வரிசையில் போட்டிருந்தார். அவர் வராத நாளிலும் அதில் யாரும் உட்காரக் கூடாது. வந்தால், அமீர் ஜான் தன் தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, கையைக் காட்டி உட்கார வைத்த பிறகுதான் படம் ஆரம்பிக்கும். அமீர் ஜான் இதை சிநேகிதம் என்று நினைத்தார். தனகோட்டி அப்படி எதையும் நினைத்ததாகத் தெரியவில்லை.

டூரிங் கொட்டகை ஒரே இடத்தில் நிலைத்துவிடக் கூடாது என்பது சட்டம். லைசென்ஸ் முடிந்ததும் பிரிக்க வேண்டும். நிலத்துக்காரர் சம்மதத்தோடு புதிதாக லைசென்ஸ் வாங்கித்தான் மறுபடி கட்ட வேண்டும். யார் முழுசாகப் பிரித்தார்கள்? முன்பக்கம் கொஞ்சம் கீற்றை இறக்கி, திரையைச் சுருட்டி வைப்பார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து கலர் குடித்துவிட்டு, பிரிச்சாச்சா என்று கேட்பார். நாலு பேர் முன்னால் அமீர் ஜான் கையைக் கட்டிக்கொண்டு, "பிரிச்சாச்சுங்க, இடம் காலிங்க" என்பார். சீக்கிரமே கீற்று மேலே ஏறிவிடும். ஊரில் இதற்குக் கொட்டகைக்கு மொட்டை என்று பேர். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பாட்டு வராமல் பெண்களுக்கு உலை வைக்கும் நேரம் தவறிப்போகும், அவ்வளவுதான் நஷ்டம்.

அந்த வருஷம் திண்டிவனத்திலிருந்து ஒருவர் பெட்ரோல் பங்க் வைக்க ரோட்டோரம் இடம் தேடி வந்தார். தனகோட்டியின் இடம் அவருக்குப் பிடித்துப்போனது. கொட்டகை நிற்கும்போது காலி செய்யச் சொன்னால் அமீர் ஜான் கோர்ட்டுக்குப் போவார், வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும் என்று தனகோட்டிக்குத் தெரியும். அதனால் வாயே திறக்கவில்லை. மொட்டை நாள் வரட்டும் என்று அதே நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தார்.

அந்த நாளும் வந்தது. மேஸ்திரி பாவாடை என்பவனோடு ஒரு கூட்டம் ஆட்களைத் தனகோட்டியே அனுப்பினார். கீற்று மக்கிப்போச்சு, மூங்கிலும் உளுத்துப்போச்சு, இந்தத் தடவை அடியோடு பிரித்துப் புதுசாகவே போடலாம், கூலி என் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அமீர் ஜானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூரைதானே மக்கியது, சுவரை எதற்கு இடிக்கிறார்கள் என்று அசீசுன்னிசா கேட்டாள். அவளை அதட்டி உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தபோது, இத்தனை வருஷம் கூரை மறைத்திருந்த ராஜகிரி மலை அடிவாரம் வரை தெரிந்தது. அவர் வழக்கம்போல் கேட்டார். அமீர் ஜானும் வழக்கம்போல், பிரிச்சாச்சுங்க, இடம் காலிங்க என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி மனுஷன்.

இன்ஸ்பெக்டர் கிளம்பியதும், புது மூங்கில் எப்போது வரும் என்று, பிரிப்பதைப் பார்க்க வந்திருந்த தனகோட்டியை அமீர் ஜான் கேட்டார்.

"எதுக்கு மூங்கிலு?" என்றார் தனகோட்டி. "இடத்த பெட்ரோல் பங்க் வைக்கக் குடுத்துட்டேன் பாய்."

அமீர் ஜான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பாவாடை கடப்பாரையைக் கழுவப் போவதுபோல் நழுவிவிட்டான்.

"இன்னாண்ணா சொல்றீங்க? நான் எங்க போவேன்?"

"இடம் காலின்னு நீதான சொன்ன? நாலு பேரு கேட்டுக்கினு இருந்தாங்க. இப்ப மாத்திப் பேசினா இன்னா அர்த்தம்?"

அசீசுன்னிசா மண்ணை வாரித் தூற்றினாள். கூலி கொடுத்தவன் தனகோட்டியாயிற்றே, யார் வாய் திறப்பார்கள்? தினமும் அதே மணலில் உட்கார்ந்து படம் பார்த்த ஆட்கள், தலையைக் குனிந்துகொண்டு புரொஜெக்டரையும் திரையையும் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். கடைசியாக அந்தக் கைவைத்த நாற்காலியைத் தூக்கினார்கள்.

"அது என் சேரு பாய்" என்றார் தனகோட்டி. "அத்த நிழல்ல போடு. வெயில் தாங்கல."

கொட்டகை போன பிறகு நிழல் என்று இருந்தது ரோட்டோரப் புளியமரம் ஒன்றுதான். அமீர் ஜான் நாற்காலியை வாங்கிக்கொண்டு போய் அதன் அடியில் போட்டார். அழுதுகொண்டுதான் போட்டார். ஆனாலும் பழகின கை, தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தது. உட்காரச் சொல்லிக் காட்டவும் செய்தது.

தனகோட்டி உட்கார்ந்தார்.