கனமாக எதையாவது வைக்கவும்

மனைவியின் கையெழுத்தில் இருந்த சமையல் குறிப்பைப் பைண்டர் நான்காவது முறையாகப் படித்தார். கடைசி வரி மட்டும் பிடிபடவே இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் அளவு எழுதியிருந்தாள். பன்றித் தோள்பட்டைக் கறி ஒரு கிலோ, கொழுப்பு கால் கிலோ, ஈரல் கால் கிலோ, பூண்டு ஆறு பல். மிளகும் ஜாதிக்காயும் உப்பும் ஸ்பூன் கணக்கில். கலந்ததில் ஒரு உருண்டையைப் பொரித்து, ஆறவிட்டு ருசி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆறினால் உப்பு குறைந்துதான் தெரியும். டின்னில் அடைத்து, ஓவன் தட்டு நிறைய வெந்நீர் ஊற்றி, அதற்குள் டின்னை இறக்கி ஒன்றரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். இவ்வளவு கறாராக எழுதிய மனுஷி, கடைசியில் "வெந்ததும் மேலே கனமாக எதையாவது வைக்கவும்" என்று முடித்திருந்தாள்.

எதையாவது என்றால் எதை? முப்பத்தெட்டு வருடமாகப் புத்தகம் கட்டுகிறவரிடம், அரை நூல் இழை அட்டை தள்ளிப்போனாலும் பிரித்துத் திரும்பத் தைக்கிறவரிடம், எதையாவது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? கேட்கலாம் என்றால் எழுதியவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

அந்தப் பதார்த்தத்துக்குச் சமையல் புத்தகத்தில் டெரீன் என்று பெயர். இவர்கள் வீட்டில் அமுக்குக்கறி. நீள டின்னில் வேகவைத்து, பாரம் வைத்து அமுக்கி, குளிரவிட்டு, துண்டு போட்டு ஜில்லென்று சாப்பிடுவது. வருடத்துக்கு ஒரே ஒரு தடவை, மகளின் பிறந்தநாளுக்கு. பைண்டர் பட்டறைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மனைவி அதைச் செய்து முடித்துவிடுவாள். அவர் கண்ணில் படுவது தட்டில் வந்த துண்டு மட்டும்தான்.

மகள் என்றால் மனைவியின் மகள். பன்னிரண்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். இப்போது இருபத்தேழு, ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை. முதல் நாள் அவரைப் "பைண்டர் சார்" என்று கூப்பிட்டாள். இன்றுவரை அதேதான்.

திங்கட்கிழமை போன் செய்திருந்தாள்.

"சனிக்கிழமை வர்றேன் பைண்டர் சார். அம்மாவோட சாமானெல்லாம் எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கும் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும்."

அடைக்கவெல்லாம் இல்லை, இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். "சரிம்மா" என்றுதான் வந்தது.

போனை வைத்த பிறகு அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்க்க வந்தாள். இப்போது அம்மாவின் சாமானுக்காக வருகிறாள். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எதற்கு வருவாள்? ரத்த உறவா, பந்தமா, ஒன்றும் கிடையாது. ஆனால் பதினைந்து வருடமாக அவள் இருமினால் இவருக்குத் தூக்கம் வராது. அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை என்பதுதான் கோளாறு.

சொல்லமுடியாமல் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் வந்த ஆறாவது மாதம் அது நடந்தது. பைண்டரிடம் ஒரு அகராதி இருந்தது. தொழில் கற்று முடித்தபோது தன் கையாலேயே தோல் அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்துப் பதித்தது. நாலு கிலோவுக்கு ஒரு கிராம் குறையாது. ஒரு நாள் பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் பின்னட்டையில் பெரிய எண்ணெய்க் கறை. "நான்தான் டிபன் பாக்ஸை வச்சேன்" என்று சிறுமி முன்னால் வந்து நின்றாள். மனிதர் வெளுத்து வாங்கிவிட்டார். வாழ்க்கையில் அவளைத் திட்டியது அந்த ஒரு தடவைதான். அதோடு அவள் அளந்து பேச ஆரம்பித்தவள்தான். "இனிமே இது புத்தகமே இல்ல, என் கண்ணுல படக்கூடாது" என்று அகராதியை மனைவி கையில் கொடுத்தார். அது எங்கே போனது என்று அப்புறம் அவர் கேட்கவும் இல்லை.

இந்த வருடப் பிறந்தநாள் அமுக்குக்கறி இல்லாமலே போய்விட்டது. சனிக்கிழமை வருகிறவளுக்கு அதையாவது செய்து வைப்போம் என்றுதான் வியாழக்கிழமை காலை கறிக்கடையில் போய் நின்றார்.

கலப்பதும் அடைப்பதும் வேகவைப்பதும் நன்றாகவே நடந்தன. டின்னின் வாயை அளந்து, கனமான அட்டையில் ஒரு துண்டு வெட்டி, அலுமினியத் தாள் சுற்றி மேலே பொருத்தினார். காற்றுப் புகாது, அவ்வளவு கச்சிதம். பிறகுதான் அந்த "எதையாவது" வந்தது. யோசித்தார். அமுக்குவதற்கென்றே அவரிடம் ஒரு இயந்திரம் இருக்கும்போது கண்டதை எதற்குத் தேட வேண்டும்? டின்னைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறைக்கு நடந்தார்.

சலவைக் கடைக்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். "என்ன பைண்டரே, யாரு வீட்டுக் குழந்தை?"

"குழந்தை இல்லம்மா. கறி."

துண்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

புத்தகம் அழுத்தும் இரும்பு பிரஸ்ஸில் டின்னை வைத்து, அட்டைமேல் மரக்கட்டை வைத்து, சக்கரத்தைத் திருகினார். இறுக்கியது போதுமா என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் இன்னும் கால் சுற்று. தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது. நெய் மாதிரிக் கொழுப்பும் சாறும் நாலு பக்கமும் வழிந்து பிரஸ்ஸின் பலகையில் ஓடின. அதுதான் முறை போலிருக்கிறது என்று துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தால், உள்ளே இருந்தது இரண்டு விரல் கனத்தில் ஒரு அட்டை. கத்தி இறங்க மறுத்தது. சாறெல்லாம் போய், சக்கை மட்டும் மிச்சம். ஒரு துண்டை வாயில் போட்டு ஐந்து நிமிடம் மென்றார். தான் ஒரு அடிமுட்டாள் என்ற முடிவுக்கு வர அவ்வளவு நேரமே போதுமானதாக இருந்தது.

மறுபடி கறி வாங்கினார். ஆனால் இந்தத் தடவை பாரம் என்ன என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்று சமையலறையைத் துழாவினார். மனைவி எதையோ வைத்திருக்கிறாள், அது இங்கேதான் இருக்க வேண்டும். கல் இல்லை, எடைக்கல் இல்லை. கீழ் அலமாரியில் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் பாலிதீன் பையில் சுற்றி ஒன்று இருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அந்தக் கனம் அவர் கைக்குப் பழக்கம்.

அகராதியை மேசையில் வைத்துப் பின்னட்டையைத் திருப்பினார். பதினைந்து வருடமாகப் பார்க்காத கறை. அன்று கோபத்தில் அதை எண்ணெய் என்று மட்டும் பார்த்தார். இன்று பார்த்தால் அது நீளமாக இருந்தது. நாலு மூலையும் லேசாக வளைந்திருந்தன. இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தார். பிறகு டின்னைக் கழுவித் துடைத்து அதன்மேல் கவிழ்த்தார். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

சிறுமியின் டிபன் பாக்ஸ் சதுரம். நீல நிறம். தினமும் காலையில் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்து அவள் பையில் வைத்தவரே அவர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மகள் இரண்டு காலிப் பெட்டிகளோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "சாயங்காலம் ஆறு மணி ரயில் பைண்டர் சார்" என்றாள். அவர் தலையாட்டினார். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், பிரஸ்ஸில் நசுங்கியதில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

அவள் தட்டைப் பார்த்தாள். "அமுக்குக்கறியா? நீங்களா செஞ்சீங்க?" ஒரு கடி கடித்தாள். தாடை நின்றது. "பைண்டர் சார், இதை என்ன பண்ணீங்க?"

"பிரஸ்ல வச்சேன்."

"புக் பிரஸ்லயா?"

"ம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தவும் முடியாமல் சிரித்தாள். "இதைத் தெருவுல நாலு பேருக்குக் குடுங்க. எங்க கூடத்துக்கு வருஷம் பூரா பல் செட் ஆர்டர் வரும்."

அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்து போய் அகராதியையும் டின்னையும் கொண்டுவந்தார். அவள் முன்னால் புத்தகத்தைத் திருப்பி வைத்து, கறைமேல் டின்னைக் கவிழ்த்தார்.

"இது டிபன் பாக்ஸ் இல்லம்மா."

அவள் சிரிப்பு அடங்கியது. "அம்மா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நேத்துதான் அளந்து பார்த்தேன். அன்னைக்கே அளந்திருக்கணும். ஊர்ப்பட்ட புத்தகத்தையெல்லாம் அளக்கத் தெரிஞ்சவனுக்கு அன்னைக்கு ஒரு ஸ்கேலை எடுக்கத் தோணல. செய்யாத தப்புக்குச் சின்னப் புள்ளைய நிக்க வச்சுத் திட்டினேன். என்னை மன்னிச்சுடும்மா."

மகள் டின்னின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா அன்னைக்கே உங்ககிட்ட சொல்லக் கிளம்பினாங்க. நான்தான் காலைக் கட்டிக்கிட்டு விடல. சத்தியம் வாங்கிட்டேன்."

"ஏம்மா?"

"எங்கப்பா ஒரு சட்டை இஸ்திரியில தீஞ்சு போச்சுன்னு கோச்சுக்கிட்டுப் போனவரு. திரும்பி வரவே இல்ல. நீங்களும் அப்படிப் போயிடுவீங்கன்னு பயந்தேன். அம்மா மேல கோவம் வந்தாதானே போவீங்க? என் மேல வந்தா போகமாட்டீங்க. நான் சும்மா கூட ஒட்டிக்கிட்டு வந்தவதானேன்னு நெனச்சேன்."

பைண்டருக்குக் கண் கலங்கியது என்று பூசி மெழுக வேண்டாம். அழுதார். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைக்கத் துடைக்க அழுதார்.

"எங்க போவேன் நானு? நீங்க ரெண்டு பேரும் வந்த அப்புறம்தான் இதை வீடுன்னே சொல்ல ஆரம்பிச்சேன். ஒட்டிக்கிட்டு வந்தவளா நீ? உன்னை விட்டுட்டு எங்கம்மா போவேன்?"

"அது எனக்கு மறுநாளே தெரிஞ்சுபோச்சு." அவள் குரலும் உடைந்திருந்தது. "அவ்ளோ திட்டினீங்க. காலைல எந்திரிச்சுப் பார்த்தா என் ஸ்கூல் நோட்டு பதினொண்ணுக்கும் அட்டை போட்டு அடுக்கி வச்சிருந்தீங்க. சரி, இவரு போகமாட்டாருன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் என்கிட்ட சரியாவே பேசல?"

"பேசினா உளறிடுவேனோன்னு பயம். அப்புறம் அதுவே பழகிப்போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "அம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. கறை பட்டது பட்டாச்சு, இனிமே வேற பாரம் எதுக்குன்னு வருஷா வருஷம் அதையேதான் வச்சாங்க."

அதனால்தான் எதையாவது என்று எழுதி வைத்தாளா! பைண்டருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வாங்கிய கறி பிரிட்ஜில் இருக்கிறது என்றார். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் கறியை நறுக்கினாள், அவர் பூண்டு உரித்தார். பொரித்த உருண்டையை ஆறும்வரை பொறுக்காமல் அவர் வாயில் போட்டபோது, "ஆறட்டும்னு எழுதியிருக்குல்ல?" என்று அதட்டினாள். அம்மா அதட்டுவது போலவே இருந்தது. இரண்டு மணிக்கு டின் வெளியே வந்தது. அட்டைத் துண்டைப் பொருத்தி, அகராதியைப் பையில் சுற்றிக் கறைப்பக்கம் கீழே வரும்படி மெதுவாக வைத்தாள். ஓரங்களில் சாறு லேசாக எழும்பி நின்றது, வழியவில்லை. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் அம்மாவின் அலமாரியைத் திறந்தார்கள். ஸ்வெட்டர்கள், கண்ணாடி, போட்டோக்கள். ஒரு பெட்டி நிறைந்தது. இன்னொன்றைத் திறக்கவே இல்லை. ஐந்து மணிக்குப் பாரத்தை எடுத்து, டின்னை மூடிப் பிரிட்ஜில் வைத்தார் பைண்டர்.

"அந்த அகராதி உனக்குத்தாம்மா. ராத்திரிக்குள்ள புது அட்டை போட்டு அனுப்பிடறேன்."

"ஐயோ, கையை வச்சுடாதீங்க. அட்டைய மாத்தினா கனம் மாறிடும்."

கனம் மாறும் என்றதும் அவர் அகராதிப் பேச்சை விட்டார். "அப்ப டின்னையாவது?"

"டின்ன எடுத்துட்டுப் போயி? மேல வைக்க அங்க எனக்கு எந்த பைண்டர் அகராதி குடுப்பாரு?" செருப்பை மாட்டிக்கொண்டாள். "இது எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெட்டவே ஆரம்பிக்கணும். ஒரு வாரம் தாங்கும்."

"சரி. அடுத்த சனிக்கிழமை வந்து நானே வெட்டறேன். அதுக்குள்ள நீங்க மறுபடி பிரஸ்ல கொண்டுபோய் வச்சுடாதீங்க பைண்டர் சார்."

காலிப் பெட்டி நடையிலேயே கிடந்தது. அதை மறந்துவிட்டாளா, விட்டுவிட்டுப் போனாளா என்று அவர் கேட்கவில்லை, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தெரு திரும்பியதும் பைண்டர் உள்ளே வந்தார். மேசை இழுப்பறையிலிருந்து நல்ல காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தார். புத்தக முதுகில் எழுதும் அதே குண்டு எழுத்தில், "சனிக்கிழமை வரை யாரும் தொடக்கூடாது" என்று எழுதி, டின்னின்மேல் ஒட்டி, பிரிட்ஜைச் சாத்தினார். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.