வெடி அங்கன, தீப்பெட்டி இங்கன

எங்க வீட்டுக்காரரு நாகையாவுக்கு வலது காது சுத்தமாக் கேக்காது. இடது காது, அவருக்குப் பிடிச்சதைச் சொன்னா மட்டும் கேக்கும்.

அச்சங்குளத்துக்குப் பக்கத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில பதினேழு வருசம் வெடிமருந்து கலக்குற ரூம்ல இருந்தாரு. நானும் அங்கனதான், திரி வைக்கிற வேலை. 2005-ல தீபாவளி சீசன் முத்துன நேரத்துல அடுத்த ரூம் வெடிச்சிருச்சு. உள்ள இருந்த ரெண்டு பேரும் போயிட்டாக. இவருக்குக் காதோட விட்டுச்சு. நாலாம் நாள் காலையில எந்திரிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி வேலைக்குக் கிளம்பி சட்டையைப் போட்டாரு. நான் வாசல்ல குறுக்க படுத்துக்கிட்டேன். "தாண்டிப் போங்க, பாப்போம்"னேன். அவரு தாண்டல. சட்டையையும் கழட்டல. மத்தியானம் வரைக்கும் அப்பிடியே உக்காந்திருந்தாரு.

பொறவு வேற பிழைப்பு தேடணும்ல? விருதுநகர்ல வத்தல் மண்டி வச்சிருக்க அலி அக்பர் மொதலாளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடியில ஒரு தென்னந்தோப்பு உண்டு. தோப்புக்கு மேக்க சரணாலயம். மலைக்குப் போற பாதையில பெருசா போர்டு வச்சு, சாம்பல் அணில் படம் போட்டிருக்காக. பூனைத் தண்டிக்கு இருக்கும் அந்த அணில், மரத்துக்கு மரம் தாவிக்கிட்டு அது பாட்டுக்குத் திரியும். ஒரு தேங்காயைத் தொட்டதில்ல. தோப்பைத் திங்குறது ஆனை. போர்டுல ஆனையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

போன வருசம் காவலுக்கு இருந்த ஆளு ஆனையைப் பாத்ததும் வெடியைக் கொளுத்திப் போட்டிருக்காரு. ஆனை மெரண்டுபோயி தோப்புக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடி முப்பத்தாறு மரத்தைச் சாய்ச்சு, தண்ணிக் குழாயையும் மிதிச்சு நொறுக்கிட்டுப் போயிருக்கு. இதுல இருந்து மொதலாளி ஒரு முடிவுக்கு வந்தாரு. வெடி சரியில்ல, வெடிச்ச ஆளும் சரியில்ல. அதனாலதான் பட்டாசுக் கம்பெனி ஆளா பாத்து எங்களைக் கூட்டியாந்தாரு. ஒரு பெட்டி அணுகுண்டு வெடியையும் கையில குடுத்தாரு.

"நாகையா, உனக்கு வெடியைப் பத்தி நான் சொல்லணுமா? ஒரு மரம் போனாலும் ஆளை மாத்திருவேன், பாத்துக்க" அப்பிடின்னாரு. அது வலது காதுப் பக்கம் சொன்னது. இடது பக்கமா நான் திருப்பிச் சொன்னேன். இந்த வேலையும் போச்சுன்னா இவரு திரும்ப அந்த மருந்து ரூமுக்குத்தான் போவாரு. வேற எதுவும் அவருக்குத் தெரியாது.

தோப்புக்கு வந்த அன்னைக்கே ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்காம ஒரு காரியம் செஞ்சோம். வெடிப் பெட்டியைக் கிழக்குக் கடைசியில இருந்த குடிசைக்குள்ள வச்சோம். அடுப்பையும் தீப்பெட்டியையும் மேக்குக் கடைசியில மோட்டார் ரூம் பக்கத்துல வச்சோம். நடுவுல முன்னூறு தப்படியாவது இருக்கும். மருந்து இருக்குற எடத்துல தீ இருக்கக்கூடாதுல்லா! கம்பெனிக் கேட்டுல தெனமும் கையைத் தூக்கிக்கிட்டு நிப்போம், இடுப்பு, மடி, கொண்டை எல்லாம் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவாக. அவரு சட்டைப் பை எல்லாத்தையும் நானே வாயைத் தைச்சு மூடியிருந்தேன். பீடி மறந்து கிடந்துச்சுன்னா அன்னைக்கு வேலை கிடையாது. அந்தப் பழக்கத்துல சோத்துப் பானையைத் தெனமும் முன்னூறு தப்படி தூக்கிக்கிட்டு நடந்தேன். எதுக்காக அந்த வெடி குடுத்திருக்குன்னு ரெண்டு பேருக்குமே தோணல.

பாரஸ்ட் வாச்சர் சுடலை ஒருநாள் தண்ணி குடிக்க வந்தாரு. தென்னைக்கு நடுவுல கிழக்காம போற பள்ளத்தைக் காட்டி, "இது ஆனைத் தடம்க்கா. மலையில ஓடை வத்துச்சுன்னா இந்த வழியாத்தான் கண்மாய்க்கு இறங்கும். சரணாலயம், தோப்பு எல்லாம் நேத்து வந்தது. ஆத்தா ஆனை குட்டிக்குக் காட்டி, அது அதோட குட்டிக்குக் காட்டி, அம்புட்டு வருசமா வருது. வந்தா ஒதுங்கிக்கோங்க, அது பாட்டுக்குப் போயிரும்"னாரு.

"போறப்ப மரத்தையும் தின்னுட்டுல்ல போகும்? பொறவு எங்க வேலை?"ன்னு கேட்டேன். அவரு சொம்பைக் கவுத்து வச்சிட்டுப் போயிட்டாரு.

பங்குனி பிறந்து பத்து நாள் இருக்கும். பளபளன்னு விடிஞ்சிருச்சு. நான் மோட்டார் ரூம் பக்கம் உலை வச்சுக்கிட்டு இருக்கேன், பின்னால மட்டை முறியுற சத்தம். அவருதான் விறகு ஒடிக்காருன்னு நினைச்சுத் திரும்பினா, ஆனை. ஒத்தை ஆனை. பள்ளத்துக்குள்ள நின்னு ஒரு தென்னங்கன்னைப் புடுங்கி, வேருல இருந்த மண்ணைக் காலுல தட்டி, குருத்தை மட்டும் தின்னுச்சு. நான் கீரையை ஆயுறதை விட பதவிசா இருந்துச்சு.

இவரு குடிசையில இருந்து வெளிய வந்தாரு. பாத்தாரு. உள்ள ஓடி வெடிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஒரு அணுகுண்டை எடுத்து, திரியை நிமித்தி, தரையில வச்சாரு. பொறவு இடுப்பைத் தடவுனாரு. மடியைத் தடவுனாரு. தைச்ச சட்டைப் பையைத் தடவுனாரு. கேட்டுல சோதிக்கிற ஆளு கூட அம்புட்டு ஒழுங்கா தடவமாட்டான்.

அவருகிட்ட வெடி. எங்கிட்ட தீப்பெட்டி. நடுவுல ஆனை.

அதுக்குள்ள மூணாவது கன்னு போயிருச்சு. எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏ நாசமாப் போற ஆனையே, உனக்கு மலையில திங்க ஒண்ணுமே கிடைக்கலையா? எங்க வயித்துல அடிக்கவா இம்புட்டுத் தூரம் வந்த?"ன்னு கத்திக்கிட்டே ஆனைகிட்டக்கவே போயி, தீப்பெட்டியை அவரைப் பாத்து வீசுனேன். சின்ன வயசுல மாங்கா அடிச்ச கைதான். ஆனா தீப்பெட்டிக்குக் கனம் இல்லையே. பாதி வழியில ஆனை காலுகிட்டப் போயி விழுந்துச்சு. ஆனை தும்பிக்கையால எடுத்து, மோந்து பாத்து, பிடிக்காம கீழ போட்டுருச்சு.

இந்த மனுசன் அதை எடுக்க வந்தாரு.

ஒத்தை அணுகுண்டைக் கையில வச்சுக்கிட்டு, ஆனையைப் பாத்து நேரா நடந்து வாராரு. "வேண்டாம், போங்க! கன்னு போனாப் போகுது"ன்னு அலறுனேன். அவருக்கு எங்கிட்டு கேக்கும்? ஆனை திங்குறதை நிறுத்திட்டுக் காதை விரிச்சுச்சு. தெய்வமே, கம்பெனிக்குப் பயந்து கூட்டியாந்து இங்கனயா சாகக் குடுக்கப் போறேன்!

அப்பதான் அது தோணுச்சு. கம்பெனியில ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் ஓடினா எல்லாரும் ஓடணும். ஏன்னு கேக்கக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது. ஏன்னு கேட்ட ஆளுக யாரும் இப்ப இல்ல.

அவரு கண்ணு எம்பக்கம் திரும்புன நேரம் பாத்து, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மேக்காம ஓடுனேன். அரை நிமிசம் கழிச்சுத் திரும்பிப் பாத்தா, அவரு வெடியைப் போட்டுட்டு கிழக்காம ரோட்டைப் பாத்து ஓடிக்கிட்டு இருக்காரு. பதினேழு வருசப் பழக்கம்லா! ஆனை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. காதை மடக்கிக்கிட்டு, இன்னும் மூணு கன்னைத் தின்னுட்டு, பள்ளம் வழியா கண்மாய்க்குப் போச்சு.

பத்து மணிக்கெல்லாம் மொதலாளி வேன்ல வந்துட்டாரு. சுடலையும் வந்தாரு. ஆறு குழி. மொதலாளி ஒவ்வொண்ணா நின்னு பாத்தாரு. "ஏம்மா ஆவுடைத்தாய், வெடிச் சத்தமே கேக்கலைங்குறாக?"ன்னாரு. பொய் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். வரல. வெடி அங்கன, தீப்பெட்டி இங்கன இருந்த கதையைச் சொன்னேன். அவரு சிரிக்கல. தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சாரு.

"தடம் மாறவே இல்ல பாய்"னாரு சுடலை. "வந்த வழியாப் போயிருக்கு. பள்ளத்துல நட்டது மட்டும்தான் போச்சு."

மொதலாளி விரலை விட்டு எண்ணுனாரு. "வெடிச்சு முப்பத்தாறு. வெடிக்காம ஆறு"ன்னு தனக்குள்ள சொல்லிக்கிட்டாரு. "பள்ளத்துல இனி ஒண்ணும் நட வேண்டாம். வெடிப் பெட்டியை வேன்ல ஏத்துங்க. நீங்க இருங்கம்மா."

மொதலாளி இதைச் சொன்னதும் இவரு வலது காதுப் பக்கம். பெட்டியை ஏத்துறதை மட்டும் பாத்தாரு. குடிசைக்குள்ள போயிப் பாயைச் சுருட்டி, தண்ணிப் பானையைக் கவுத்து, கம்பெனிக்குப் போட்டுட்டுப் போற சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டாரு. என்னைப் பாக்கல.

நான் இடது காதுல வாயை வச்சு, "நம்மள இருக்கச் சொல்லிட்டாரு"ன்னேன்.

"என்னது?"ன்னாரு.

திரும்பச் சொன்னேன். மறுபடியும் "என்னது?"ன்னாரு. கேட்டுருச்சுன்னு எனக்குத் தெரியும். மூணாவது தடவையும் சொன்னேன்.

வேன் போன பொறவு பள்ளத்துல கிடந்த தீப்பெட்டியை எடுத்துத் துடைச்சேன். பிளேடு வச்சு அந்தச் சட்டைப் பையோட தையலைப் பிரிச்சேன், அவரு போட்டிருக்கும்போதே. உள்ள தீப்பெட்டியைத் திணிச்சேன். பதறிப்போயி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டாரு மனுசன்.

"கையை இறக்குங்க"ன்னேன். "போயி அடுப்பைக் குடிசைக்குத் தூக்கியாந்து பத்த வைங்க, பசிக்குது."