சர்க்கரைப் பாகும் அனந்தமதியின் மூக்கும்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை சொன்னவன் தலையிலேயே உருளட்டும். சத்தியம்.

செஞ்சியில், வீட்டுக் கூடத்திலேயே ஆவாரம்பூவிலிருந்து மஞ்சள் சாறு இறக்கி சோப்புக் கம்பெனிக்கு விற்பவர் பத்மகுமார் நைனார். பூவை ஊறவைக்க அவர் வாங்கிய ஹெக்சேன், பெட்ரோலுக்கு அண்ணன் மாதிரி நாறும். "இந்த நாத்தம் போனாத்தான் வருவேன்" என்று மனைவி அனந்தமதி போன மாசம் மேல்சித்தாமூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சாதாரண மூக்கா அது? பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே வீட்டு ரசத்தில் பெருங்காயம் குறைச்சல் என்று சொல்லிவிடும் எனப் பேர் வாங்கிய மூக்கு.

நைனார் ஹெக்சேன் கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சர்க்கரை, எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் ஆசிட், கொஞ்சம் தண்ணீர்; இளஞ்சூட்டில் கிளறினால் வரும் பாகே பூவின் சாயத்தை இழுத்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தார். இழுத்தது. முதலில் பூவின் மஞ்சளை. அப்புறம் கரண்டியின் பளபளப்பை. அப்புறம் எறும்புகளை.

மலையிலிருந்து இறங்கிய எறும்பு வரிசைக்குத் திருவண்ணாமலை பஸ் நின்று வழிவிட்டது. வேறு வீடென்றால் மருந்துப் பொடி தூவியிருப்பார்கள். சமண வீட்டில் எறும்பைக் கொல்வதாவது! நைனார் மயிலிறகால் மெல்ல ஒதுக்கினார். ஒதுக்க ஒதுக்க, அவை மஞ்சள் பூசிக்கொண்டு திரும்பி வந்தன.

"இன்னா நைனாரே, எறும்புக்கு நலுங்கா?" ஆவாரம்பூ பறித்து வந்து கூடையை இறக்கிய குஞ்சம்மாள் சிரித்தார்.

"சும்மா இரும்மா. இன்னிக்கு அனந்தமதி வருது. நாத்தம் இருந்தா அடுத்த பஸ்லயே திரும்பிடுமாம்."

"நாத்தம் போச்சு, சரி. இந்தப் படைய இன்னா பண்ணுவ?"

அதுதான் அவருக்கும் புரியவில்லை. ஹெக்சேன் இருந்தவரை ஓர் எறும்பும் எட்டிப் பார்க்கவில்லை. அதை அனந்தமதியிடம் சொல்லலாமா, கூடாதா? எறும்பைப் பார்த்தும் கோபித்துக்கொண்டு போய்விட்டால்?

அனந்தமதி வந்தார். கோலத்தைத் தாண்டுவதுபோல் எறும்புகளைத் தாண்டி, கூடத்தின் நடுவில் நின்று ஆழமாக மூச்சை இழுத்தார். நைனாருக்கு மூச்சு நின்றது. எறும்புகளும் நின்றன.

"இப்பத்தான் வூடு வூடாட்டம் மணக்குது. பையை உள்ள வைங்க."

"எறும்பு...?"

"இருந்துட்டுப் போவட்டும். நீங்கதான் எளைச்சிட்டீங்க."

இவ்வளவு லேசாக முடிந்தது எப்படி என்று பையைப் பிடித்தபடி நைனார் விழித்தார்.

கொரோனா வந்துபோன வருஷத்திலிருந்து அனந்தமதிக்கு எந்த வாசனையும் தெரியாது. நாத்தம் என்றது அம்மா வீட்டில் ஒரு மாசம் இருந்துவர ஒரு சாக்கு; அதை நைனாரிடம் அவர் சொன்னதேயில்லை.