தவழ்ந்து பார்த்த வீடு

பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, கன்னிகா கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவளுடைய வீடு. முன்னறையில் ஜெராக்ஸ் கடை. அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை, சமையலறை, துணி காயவைக்கச் சின்னதாக ஒரு பின்புற வெளி. அப்பா அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன வீடு. சித்தூரில் வாழ்ந்த வாழ்க்கையைக் கோர்ட்டில் முடித்துக்கொண்டு வந்ததும், இந்தப் புத்தூர் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத் தானே குடிவந்தாள். அந்தச் சித்தூர் வீட்டில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் மாமியாரைக் கேட்க வேண்டும். புத்தூருக்கு வந்த முதல் நாள் அவள் கடைக்குப் போய் ஒரு டிரில்லிங் மிஷின் வாங்கினாள்.

அண்ணன் திருவேங்கடத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் நாராயணவனத்தில் இருந்தார். தனியாக ஒரு பெண் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு இருப்பது ஊருக்கு நல்லதாகப் படாது என்பது அவர் கட்சி. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இரு என்றார். அது நடக்காது என்று தெரிந்ததும் மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்.

நாய்க்குட்டி சமாசாரம் இதற்கு நடுவில் வந்தது. திருப்பதியில் அவளோடு டிகிரி படித்த தேவயானி, கங்காதர நெல்லூரில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒருநாள் போனில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"எங்க நாய் போட்ட குட்டிங்க எல்லாம் போய்ட்ச்சி. இது ஒண்ணுதான் நிக்குது. பொட்டக் குட்டி. பொறக்கும்போதே கண்ணு இல்ல. யாரும் எடுத்துக்க மாட்டேங்குறாங்க. எங்க மாமனார் ஹைவேல வுட்டுட்டு வரேன்னு சொல்லிக்கினு கீறாரு."

கன்னிகா வீடியோவைப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில், காது மடங்கிய குட்டி. நேராகப் போய் ஒரு மண்தொட்டியில் முட்டிக்கொண்டது. உட்கார்ந்து தலையை உதறியது. எழுந்து மறுபடியும் போய் அதே தொட்டியில் முட்டியது. அடுத்த முறை தொட்டிக்கு முன்னால் நின்று மோந்து பார்த்தது. பிறகு சுற்றிக்கொண்டு போனது.

நாய் வளர்க்கும் எண்ணம் அதுவரை அவளுக்கு இருந்ததே இல்லை.

"உங்க மாமனார் அதத் தொட வேணாம்னு சொல்லு," என்றாள். "ஞாயித்துக்கெழம வரேன். அது என்னுது."

அன்று சாயங்காலமே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாள். சின்ன வயது டாக்டரம்மா. "கண்ணில்லாதது அதுக்கு ஒரு குறையாத் தெரியாதும்மா, பார்த்ததே இல்லையே," என்றாள். "மூக்கு, காது, பாதம், இது மூணும் போதும். வீட்டை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துங்க. மாத்தின பிறகு மாத்தாதீங்க. எது எங்க இருக்கோ அங்கயே இருக்கணும்."

ஜெராக்ஸ் கடையை ஒரு நாய்க்குட்டிக்குத் தகுந்த மாதிரி மாற்றுவது லேசான வேலை இல்லை. தரை முழுக்க வயர் ஓடியது. குட்டிக்குப் பல் முளைக்கிற வயசு. கன்னிகா எல்லா வயரையும் பிடுங்கி, சுவரில் இடுப்பு உயரத்தில் பிளாஸ்டிக் பட்டி அடித்து அதற்குள் விட்டாள். ஸ்டேப்ளர் பின்கள் மூலைமுடுக்கெல்லாம் கிடந்தன. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றித் துடைப்பக் கட்டையின் அடியில் கட்டித் தரை பூராவும் இழுத்தாள். காந்தம் முள்ளம்பன்றி மாதிரி ஆனது. டோனர் டப்பா, பினாயில், எலி மருந்து எல்லாம் பரண்மேல் போயின. பின்புறத்துத் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு ஒரு கொக்கி வைத்தாள்.

வாசல் படிக்கு முன்னால் தேங்காய் நார் மிதியடி. சமையலறைக்கு முன்னால் சாக்கு. காலில் நார் பட்டால் படி, சாக்கு பட்டால் சமையலறை. தண்ணீர்க் கிண்ணம் வைத்த இடத்தில், வாய்க்கு எட்டாத உயரத்தில், வெட்டிவேர்க் கட்டு ஒன்றை ஆணியில் மாட்டினாள். வாசனை பிடித்து வந்தால் தண்ணீர். கிண்ணம் கனமான எவர்சில்வர், முட்டினாலும் கவிழாது. மேஜைக் கால்களிலும் மிஷின் மூலைகளிலும் பழைய சோபா மெத்தையை வெட்டி, ரெக்சின் உறை தைத்துப் போர்த்தினாள். திருப்பதிக்குப் பேப்பர் வாங்கப் போனபோது, கழுத்தை இழுக்காத மார்புப் பட்டை ஒன்றைத் தேடி வாங்கி வந்தாள். கடைசியில், சித்தூரில் கழற்றி வைத்த கொலுசை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தான் எங்கே இருக்கிறோம் என்று குட்டிக்குத் தெரிய வேண்டுமே.

வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம காலைல நாயுடுபேட்டைலேர்ந்து வராங்க. ஹார்டுவேர் கடை. பொண்டாட்டி செத்துட்டா. பசங்க இல்ல. நல்ல எடம்."

"நான் ஞாயித்துக்கெழம கங்காதர நெல்லூர் போறேன். வேணாம்னு சொல்லிடு."

"வர்றவங்கள வேணாம்னு எப்டிச் சொல்றது?"

"வேணாம்னுதான்."

அவர் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் வேலையெல்லாம் முடிந்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கன்னிகா துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டினாள். குட்டியின் உயரத்துக்குக் குனிந்து, கையையும் முழங்காலையும் ஊன்றி, வாசலிலிருந்து உள்ளே தவழ ஆரம்பித்தாள். அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது.

"அய்யய்யோ, பாபம்!" என்றது ஒரு பெண்குரல். மாப்பிள்ளையின் அக்கா ருக்மணி. "பொண்ணுக்குக் கண்ணு இன்னாச்சி? இத நீங்க சொல்லவே இல்லியே!"

"கண்ணு நல்லாத்தான் கீது," என்றாள் கன்னிகா, துண்டை அவிழ்க்காமல். "கண்ணில்லாம இந்த வூட்ல நடமாட முடியுமான்னு பாத்துக்கினு கீறேன். செருப்ப வழியில வுடாதீங்க. ஓரமா வையுங்க."

"கன்னிகா! எழுந்திரு!" அண்ணனின் குரல் நடுங்கியது.

"ஒரு நிமிஷம்ணா. சமையல்கட்டு ஒண்ணுதான் பாக்கி."

அவள் சாக்கைத் தொட்டுப் பார்த்து, அதைத் தாண்டி உள்ளே போனாள். நெற்றி எதிலோ இடித்தது. கேஸ் அடுப்பு வைத்த இரும்பு ஸ்டாண்டின் முனை. "இங்க ஒண்ணு வுட்டுட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து துண்டை அவிழ்த்தாள். புருவத்துக்கு மேல் லேசாகச் சிவந்திருந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள்மேல் அவளுக்கு ஒன்றும் கோபம் இல்லை.

அண்ணனோடு வந்திருந்த அண்ணி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா கொலுசெல்லாம்? யார் பாக்கணும்னு?"

"பாக்குறதுக்கு இல்ல அண்ணி. கேக்குறதுக்கு."

ருக்மணி கிண்ணத்தையும் மெத்தை சுற்றிய மேஜைக் கால்களையும் பார்த்துவிட்டு, "கொழந்த யாராச்சும் வருதா?" என்று கேட்டாள். நாய்க்குட்டி வருகிறது, கண் தெரியாத நாய்க்குட்டி என்று கன்னிகா சொன்னதும் அவள் தம்பியைப் பார்த்தாள். "ஒரு குக்கைக்கா, நாய்க்கா இவ்ளோ?"

மாப்பிள்ளை நாகபூஷணம் அதுவரை வாயைத் திறக்கவில்லை. நரைக்கு மை போட்ட, வெள்ளைச் சட்டைக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு நாய் ஆகாதும்மா. அதான் மொதல்லயே சொல்லிடுறேன். அப்புறம், கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கடையும் தேவையில்ல. நம்ம ஹார்டுவேர் கடையிலயே கம்ப்யூட்டர்ல பில் போட ஆள் வேணும். நீ டிகிரி படிச்சிக்கீறேன்னு சொன்னாங்க."

"பில் போட ஆள் வேணும்னா கடை வாசல்ல போர்டு மாட்டுங்க சார்," என்றாள் கன்னிகா. "அதுக்கு ஏன் பொண்ணு பாக்க வந்தீங்க?"

ருக்மணி தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். அண்ணன் தலை குனிந்தபடி அவர்களை ஆட்டோ வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"என் மானத்த வாங்கிட்ட. நைனா இருந்திருந்தா இப்டிப் பேசியிருப்பியா?"

"நைனா இருந்திருந்தா நான் வேணாம்னு சொன்னத அவங்ககிட்ட சொல்லியிருப்பாரு."

"கண்ணில்லாத நாய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற நீ? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அத ஹைவேல கொண்டுபோய் வுடுறதுதான் ஊருக்கு நல்லாப் படுதுன்னா, அந்த ஊருக்கு நான் நல்லாப் பட வேணாம்."

"அது இந்த வூட்டுக்குள்ள வந்தா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அப்பா போன பிறகு கன்னிகாவுக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம் அவர். கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடவே வந்தவர். ஆனாலும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"உன் இஷ்டம்ணா. ஆனா என்னிக்காச்சும் மனசு மாறி வந்தா, நாற்காலிய இழுத்து வேற எடத்துல போட்டுடாத. அது முட்டிக்கும்."

அவர் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் கொஞ்ச நேரம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மிச்சமிருந்த மெத்தையை வெட்டி, அடுப்பு ஸ்டாண்டின் முனையில் சுற்றிக் கட்டினாள்.

பக்கத்து வீட்டு சலீம் சித்தூர் பக்கம் லோடு ஏற்றக் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவன். அன்றைக்கு லோடு இல்லாவிட்டாலும் அவளுக்காக வந்தான். கார்வேட்டிநகரம் வழியாகப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. தேவயானியின் மாமனார் தோப்பு வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். குட்டியைத் தூக்கி வந்த கன்னிகாவைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"இது காவலுக்குக் கூட ஆவாதும்மா. எதுக்கு இத?"

"எனக்குக் காவல் வேணாங்க. காவலுக்கு இருந்தவங்களோட வாழ்ந்துட்டுத்தான் வரேன்."

அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். தேவயானி அவள் தோளை அழுத்தினாள். வண்டி ஏறும்போது, தாய் நாய் படுத்த சாக்கிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தாள், வாசனைக்காக.

வழியெல்லாம் குட்டி அவள் புடவையில் இரண்டு தரம் வாந்தி எடுத்தது. சலீம் ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினான். புத்தூர் வந்ததும் அவள் குட்டியைக் கடை வாசலில், நார் மிதியடிமேல் இறக்கிவிட்டாள்.

குட்டி நடுங்கியது. ஒரு காலைத் தூக்கி வைத்தது, எடுத்தது. பிறகு கடைக்குள் நுழைந்து, ஸ்பைரல் பைண்டிங்குக்கு வைத்திருந்த யாரோ ஒரு மாணவனின் புராஜெக்ட் ரிப்போர்ட்டின்மேல் மூத்திரம் போனது. கன்னிகா தலையில் கை வைத்தாள். எல்லாவற்றையும் யோசித்தவள், கீழ்த்தட்டில் இருந்த அந்தக் காகிதங்களை யோசிக்கவில்லை.

அது அங்கிருந்து நகர்ந்து, கவுண்டரின் மரப்பலகையில் நேராகப் போய் மூக்கை இடித்துக்கொண்டு கீச்சென்று கத்தியது. அந்தப் பக்கம் மெத்தை இல்லை. சலீம் பதறிக் குனிந்தான்.

"தூக்காத சலீம். வுடு."

"அழுவுதுக்கா."

"அழட்டும். அதுவே கண்டுபிடிக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கை புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தது. குட்டி உட்கார்ந்து மூக்கை நக்கியது. எழுந்து மறுபடியும் அதே பலகையில் முட்டியது. உறுமியது. அந்தக் குட்டி உடம்புக்குள்ளிருந்து அப்படி ஓர் உறுமல் வரும் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. சலீம் சிரித்துவிட்டான். கன்னிகா மெதுவாக உள்ளே நடந்தாள், கொலுசு கேட்கும்படி. குட்டி தலையைச் சாய்த்துக் கேட்டது. பலகையை ஒட்டியே உரசிக்கொண்டு திரும்பி, பின்னாலேயே வந்தது. சமையலறைக்கு முன்னால் சாக்கு காலில் பட்டதும் நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்ச் சலப்சலப்பென்று குடித்தது.

"பேரு இன்னாக்கா வெக்கப் போற?"

"சண்டி," என்றாள் கன்னிகா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்த மாணவனுக்கு முழு ரிப்போர்ட்டையும் புதிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். கவுண்டருக்கு மெத்தை தைத்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் வந்தது.

"ருக்மணியம்மா பேசினாங்க. பொண்ணு தெகிரியமா கீது, கடை கண்ணி பாத்துக்கும்ன்றாங்க. அந்த நாய மட்டும் யார்கிட்டயாச்சும் குடுத்துட்டா அவங்களுக்குச் சம்மதமாம்."

"எனக்குச் சம்மதம் இல்லண்ணா. அதையும் சொல்லிடு. இந்தத் தரம் நெசமாவே சொல்லு."

அண்ணன் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் பல மாதம் கூப்பிடவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. வலித்தபோதெல்லாம் கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள்.

சண்டிக்குத் தடுப்பூசியெல்லாம் போட்டு முடித்ததும், இனி வெளியே கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். அன்று சாயங்காலம் கன்னிகா மார்புப் பட்டையை மாட்டி, கடையைப் பாதி சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள். வெளித் தெருவில் மெத்தை கட்டவோ சாக்கு விரிக்கவோ முடியாது. ஆட்டோ ஹாரன், வடை எண்ணெய் வாசனை, திருத்தணி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம். சண்டி நாலு காலையும் ஊன்றி நின்றது.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார், "கண்ணில்லாத நாயாமே? அத இட்டுக்கினு எங்கம்மா போற?"

"பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்," என்றாள் கன்னிகா. "நாளைக்கு இன்னும் கொஞ்ச தூரம்."

சண்டி தரையை மோந்தது. ஒரு முறை தும்மியது. பிறகு கயிறு விறைக்க முன்னால் இழுத்துக்கொண்டு நடந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.