ஓரத்தை விடு

பல் டாக்டர் ஆகவேண்டும் என்று என் வம்சத்தில் யாரும் கனவு கண்டதில்லை. நான் கருப்பசாமி. ஓசூரில் அலுமினியம் வார்க்கிற ஒரு பவுண்டரியில் பன்னிரண்டு வருஷம் எக்ஸ்ரே படம் பார்த்தவன். மனுஷனுடைய எக்ஸ்ரே இல்லை, வண்டிப் பாகங்களுடையது. வார்ப்புக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் படத்தில் கறுப்பாக விழும். அதற்கு வட்டம் போட்டு ஒதுக்குவது என் வேலை. 2008 கடைசியில் பவுண்டரியை இழுத்து மூடினார்கள். மூன்று மாதம் சும்மா இருந்த பிறகு, மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேட்டரி கடை மாடியிலிருந்த ஆபீசில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பல் எக்ஸ்ரேயைப் பார்த்து, சொத்தை எங்கே என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். நாங்கள் வட்டம் போடப் போட அது பார்த்துப் படித்துக்கொள்ளுமாம். "கறுப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணு உங்களுக்குத்தானே இருக்கு" என்றார் மேனேஜர் கமலக்கண்ணன். புகழ்ச்சிக்கு மயங்காதவன் எவன்?

பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து ஒரே ஒரு நாள் பாடம் எடுத்தார். முழுக்க இங்கிலீஷ், அதுவும் மெயில் வண்டி வேகத்தில். எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: கறுப்பு என்றால் ஓட்டை. மீதியைப் பவுண்டரி அறிவால் நிரப்பிக்கொண்டோம்.

பவுண்டரியில் ஒரு சட்டம் உண்டு. பாகத்தின் ஓரத்தில் குமிழ் தெரிந்தால் வட்டம் போடக் கூடாது. அந்த ஓரத்தை எப்படியும் லேத்தில் சீவி எடுத்துவிடுவார்கள், குமிழும் சேர்ந்து போய்விடும். எனவே ஓரத்தை விடு. பன்னிரண்டு வருஷம் ஓரத்தை விட்ட கை, பல்லிலும் விட்டது. என்னோடு பவுண்டரியில் உலைப் பக்கம் வேலை பார்த்த சென்னப்பனும் இங்கே சேர்ந்திருந்தான். அவனுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். என்னைச் சீனியர் ஆக்கினார்கள். எட்டு மாதத்தில் பதினோராயிரம் படம் முடித்தோம். எங்கள் கம்ப்யூட்டர் பல் டாக்டரையே தோற்கடிக்கும் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேன்.

அப்புறம் என் மனைவி தங்கமணிக்குப் பல்வலி வந்தது. அவள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். அங்கேதான் எங்கள் கம்ப்யூட்டரை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். கம்ப்யூட்டர் சிவப்பு வட்டம் போட்டவர்களை மட்டும் டாக்டர் பார்ப்பார். அவளுக்கு வந்த முடிவுச் சீட்டில் ‘குறை இல்லை’ என்று இருந்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினாள். கன்னம் வீங்கிய அன்றைக்குத்தான் சீட்டில் அச்சடித்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தேன்.

கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டும் ஒட்டுகிற இடத்தில், ஓரத்திலிருந்து உள்ளே கறுப்பு இறங்கியிருந்தது. பல்லை யாரும் லேத்தில் சீவுவதில்லையே! டாக்டரம்மா கொடுத்த புத்தகத்தைத் தேடியெடுத்துப் படங்களை மட்டும் புரட்டினேன். பாதிக்குப் பாதி வட்டம் ஓரத்தில்தான் இருந்தது. பல்லிடுக்கில்தான் சோறு சிக்கும், சிக்கிய இடத்தில்தான் சொத்தை விழும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது இந்தச் சீனியருக்குத் தெரியவில்லை.

"டவுன்ல நல்ல டாக்டரா பாத்துப் போவோம்" என்றேன்.

"எதுக்கு, பிடுங்கிப் போடவா? கம்ப்யூட்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சு. நீங்க கத்துக்குடுத்த கம்ப்யூட்டருதானே?"

"அது தப்பாக்கூடச் சொல்லும், தங்கம்."

"தப்பே சொல்லாதுன்னு தெரு பூரா சொன்னது யாரு?"

நுணலும் தன் வாயால் கெடும். நான்தான் தப்பாகக் கற்றுக்கொடுத்தேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. கடைசியில் அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"மறுபடி பாக்கச் சொல்லி கம்பெனியில எழுதிக் குடுத்திருக்கேன். அதுல குறைன்னு வந்தா நீங்க சொல்ற டாக்டர்கிட்ட வாரேன். வரலைன்னா என்னை விட்டுருங்க."

மறுநாள் கமலக்கண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பதினோராயிரம் படத்தையும் திரும்பப் பாக்கணும்ங்கிறீங்களா? வெள்ளிக்கிழமை நமக்கு இந்த வேலையைக் குடுத்த பெங்களூர் கம்பெனி ஆளுங்க வராங்க. இது தெரிஞ்சா ஆபீசுக்கே பூட்டுத்தான். பதினாலு குடும்பம், யோசிங்க. அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. சென்னப்பன்கிட்டகூட."

"அதுக்கப்புறம் சார்?"

"அப்புறம் பாக்கலாம்."

அந்தப் பதினாலில் என் குடும்பமும் ஒன்று. ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மறுபடி பார்க்க வேண்டிய படங்கள் எங்கள் ஆபீசுக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை காலையில் அவள் படம் என் திரைக்கே வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும். அவள் சீட்டில் இருந்த அந்த எண் எனக்கு மனப்பாடம். குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு, பல்லின் ஓரத்தில் வட்டம் போட்டேன். ‘ஒத்துப்போகவில்லை’ என்றது திரை.

கம்ப்யூட்டரும் ஆளும் முரண்பட்டால் மூன்றாவது ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தகராறுப் படமெல்லாம் வழக்கமாக என்னிடம்தான் வரும். நானே தகராறு பண்ணினால் யாரிடம் போகும் என்று யோசித்ததே இல்லை. படம் என் திரையிலிருந்து மறைந்துவிட்டது. எழுந்து தேடுவதற்குள் பெங்களூர்க்காரர்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். கமலக்கண்ணன் அவர்களை என் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, "இவர்தான் எங்க சீனியர்" என்றார். அரை மணி நேரம் அவர்கள் கேட்ட படத்துக்கெல்லாம் வட்டம் போட்டுக் காட்டினேன்.

அவர்கள் டீக்கு நகர்ந்ததும் சென்னப்பன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அண்ணா, ஒரு படத்துல யாரோ ஓரத்துல வட்டம் போட்டு வச்சிருந்தாங்க. புது ஆள் போல. நான் அதை எடுத்துட்டு ‘குறை இல்லை’ன்னு போட்டு அனுப்பிட்டேன்."

அவன் முகத்தில் அத்தனை பெருமை. திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அவனுக்கு நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. தங்கமணி.

"ஏங்க, மறுபடியும் ஒண்ணுமில்லன்னுதான் வந்திருக்கு. இந்தத் தடவை கம்ப்யூட்டர் மட்டும் இல்லையாம், ஆளே உக்காந்து பாத்தாங்களாம். இப்பவாவது நம்புறீங்களா?"

வீங்கின கன்னத்தோடு பேசினதால் வார்த்தை குழறியது. கமலக்கண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர்க்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லதாப் போச்சு, தங்கம்" என்றேன்.